கணக்கு முடிக்கிற நாளில்

வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் முதலில் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தவறு செய்தவரும் குனிகிறார், செய்யாதவரும் குனிகிறார். கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீசில் சேர்ந்து, பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் ஓய்வு பெற்றவன் நான். மஸ்டர் ரோலில் பெயர் ஏற்றியதும் இந்தக் கைதான், பெயரை அடித்ததும் இந்தக் கைதான். பெயர் அடிபட்டவர்கள் கேட்டைத் தாண்டிப் போவதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தில் பெரும்பங்கு அந்தக் கூச்சத்தில்தான் போயிற்று. யாராவது பார்த்துவிடுவார்களோ, நாலு பேர் கேட்பார்களோ என்ற பதற்றத்தில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாக நடந்துவிடுவார்கள்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்கே காகிதங்களோடு வருகிறார்கள். லேத் பட்டறை ஆட்கள், ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிய பெண்கள், சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள். எல்லோரும் கேட்பது ஒன்றையே: “ஏதாச்சும் கிடைக்குங்களா?” தானம் கேட்பவரின் குரலில் கேட்கிறார்கள். அந்தக் குரல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் கேட்பது அவர்கள் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்து, இன்னும் கைக்கு வராமல் கம்பெனியிடம் கிடக்கிற பணம்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு லேத் ஆபரேட்டர். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய். 12 ஆண்டு 7 மாதம் வேலை செய்திருக்கிறார். ஆர்டர் குறைந்துவிட்டது என்று அவரை நிறுத்துகிறார்கள். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்துத்தான் இதை வகுக்கவேண்டும், 30 அல்ல. அப்படி வகுத்தால் 15 நாளுக்கு 15,000 ரூபாய் வரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு முழு ஆண்டாகும். ஆக 13 ஆண்டு, 1,95,000 ரூபாய். இது தனி. ஆட்குறைப்பு இழப்பீடு என்று ஒன்று உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். அரை மாதம் என்று 13,000 வைத்தாலும் 1,69,000 ரூபாய். ஒரு மாத நோட்டீஸ் தராமல் அனுப்பினால் அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் 26,000. மொத்தம் 3,90,000 ரூபாய். வேலை செய்த நாட்களின் பாக்கிச் சம்பளம், மிச்சமுள்ள விடுப்புக்கான பணம், போனஸ் பாக்கி, பி.எஃப். எல்லாம் இதற்கு வெளியே.

இந்த ஆளின் கையில் இரண்டு மாதச் சம்பளத்தை ஒரு கவரில் வைத்துக் கொடுத்து, “இத்தனை வருசம் இருந்தே, உனக்காகத்தான் இவ்வளவு பண்றோம்” என்று தோளைத் தட்டி அனுப்புவார்கள். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். 52,000 ரூபாய் அவருக்குப் பெரிய தொகைதான். விட்டுப்போனது எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

சட்டம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். சுதந்திரம் வந்த அதே 1947இல் தொழில் தகராறுகள் சட்டம் வந்தது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமானால், காரணத்தை எழுதி ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளம் தரவேண்டும், இழப்பீடு தரவேண்டும், அரசுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அதில் பிறகு சேர்த்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நிறுத்தவேண்டும் என்பதும் அதில் இருந்தது. பிடிக்காத ஆளைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஆட்குறைப்பு என்று பெயர் வைப்பதற்குத் தடை போட்ட விதி அது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நோட்டீசும் இழப்பீடும் அவற்றிலும் தொடர்கின்றன. ஆட்குறைப்புச் செய்த ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், நிறுத்தப்பட்டவர்களுக்கு முதல் வாய்ப்புத் தரவேண்டும். மறுபயிற்சி நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை ஆட்குறைப்பு நடந்த 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் போடவும் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இன்னொரு மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. முன்பு 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன்அனுமதி வேண்டியிருந்தது. இப்போது அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது. கோவை, திருப்பூர் பக்கத்து ஆலைகளில் 100க்கும் 300க்கும் இடைப்பட்டவை எத்தனை என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“நான் தொழிலாளியே இல்லையே, எனக்கு இதெல்லாம் பொருந்துமா?” என்று கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். விசிட்டிங் கார்டில் எக்சிகியூட்டிவ், லீட், அசோசியேட் என்று ஏதேதோ அச்சடித்திருக்கும். கோர்ட் அந்தக் கார்டைப் பார்ப்பதில்லை. நீங்கள் தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கும். தொழில்நுட்ப வேலை செய்பவர், எழுத்து வேலை செய்பவர் எல்லோரும் தொழிலாளிகளே. பிறரை வேலை வாங்கி, விடுப்பு அனுமதித்து, நிர்வாகம் செய்கிறவருக்குத்தான் விலக்கு. தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு இந்தச் சட்டங்களிலிருந்து விதிவிலக்கு இல்லை என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. தவிர, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 41ஆவது பிரிவு சொல்வது எளிமையானது: தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை, தக்க காரணம் இல்லாமலும் ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நிறுத்தக்கூடாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தி, சாட்சியங்களைப் பதிவு செய்திருக்க வேண்டும். துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம்.

இப்போது நான் அதிகம் பார்க்கிற காரியத்துக்கு வருகிறேன். யாரையும் வேலையை விட்டு நீக்குவதே இல்லை. ராஜினாமா எழுதி வாங்குகிறார்கள்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், இருபத்தேழு வயதிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே இரண்டு பேர். போனையும் லேப்டாப்பையும் மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். “நீங்களா ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் கிளீனா வரும். நாங்க டெர்மினேட் பண்ணினா அடுத்த கம்பெனி எடுக்கமாட்டான். ஆறு மணிக்குள்ள முடிவு பண்ணுங்க” என்றார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே மெயில் அனுப்பிவிட்டு வந்துவிட்டாள். இரவு எட்டு மணிக்கு அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். “தாத்தா, நானாத்தானே அனுப்பினேன், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?” என்றாள்.

“அந்த ராஜினாமாவை அவங்க ஏத்துக்கிட்டதா பதில் வந்துதா கண்ணு?” என்று கேட்டேன். வரவில்லை. ராஜினாமாவை அது ஏற்கப்படுவதற்கு முன், நடைமுறைக்கு வருவதற்கு முன், திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொன்ன விஷயம். அவள் சொந்த மெயிலிலிருந்து அன்று இரவே எழுதச் சொன்னேன். இன்று மாலை இத்தனை மணிக்கு, இந்த அறையில், இன்னார் இன்னார் முன்னிலையில், நெருக்கடி தந்து இந்த ராஜினாமா பெறப்பட்டது. என் விருப்பத்தின்படி எழுதியதல்ல. அதைத் திரும்பப் பெறுகிறேன். திங்கட்கிழமை வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். நாலு வரிதான். கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், நடந்தது நடந்தபடி இருந்தால் போதும் என்றேன். திங்கட்கிழமை அவள் போனாள். அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. கதவருகே நின்றபடியே அதையும் இன்னொரு மெயிலாக எழுதி அனுப்பினாள். அந்த வாரத்துக்குள் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் நோட்டீஸ் சம்பளம், இழப்பீடு, கிராஜுவிட்டி மூன்றும் எழுத்தில் வந்தன, ரிலீவிங் லெட்டரும் வந்தது.

அந்த அறையில் இருக்கும் அவசரம் கம்பெனியின் அவசரம். உங்களுக்கு எந்த அவசரமும் கிடையாது. “வீட்டில் கலந்துகொண்டு நாளை சொல்கிறேன்” என்று எழுந்து வருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அவர்கள்தான் காரணத்தை எழுதியாக வேண்டும், பணத்தைக் கணக்கிட்டாக வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான் உங்களை எழுதச் சொல்கிறார்கள். பணமோ கடிதமோ தந்து கையெழுத்துக் கேட்டால், “எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம். ஜவுளிக்கடைப் பெண்களிடம் வேலையில் சேரும்போதே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைக்கிற பழக்கம் இந்த ஊரில் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிக் கொடுத்திருந்தால், கொடுத்த தேதியையும் யார் வாங்கினார்கள் என்பதையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு அது உதவும்.

அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரில் “இரு தரப்பும் ஒரு மாத நோட்டீசில் காரணம் சொல்லாமல் முடித்துக்கொள்ளலாம்” என்று இருக்கிறதே என்பார்கள். டெல்லி போக்குவரத்துக் கழகத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. நிரந்தர ஊழியரை, காரணம் சொல்லாமல் ஒரு மாத நோட்டீசில் நீக்கலாம் என்ற விதி. 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லாது என்றது. அது பொது நிறுவனம் பற்றிய தீர்ப்பு. தனியார் தொழிலாளிக்கு, சட்டம் தந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட முடியாது என்பதே பாதுகாப்பு.

இன்னொரு துன்பம் சஸ்பென்ஷன். வேலையும் இல்லை, வேலை போனதாகவும் இல்லை. விசாரணை முடியும்வரை வேறு இடத்தில் சேரவும் முடியாது. இந்தக் காலத்தில் சாப்பிடுவதற்காகப் பிழைப்பூதியம் தரவேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981இல் தனிச் சட்டம் போட்டார்கள்: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால் சம்பளம், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தால் இழுப்பவருக்கே செலவு ஏறும்படி எழுதிய சட்டம். எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் ஒன்று.

பிழைப்பூதியம் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோலார் தங்கவயல் வழக்கைச் சொல்வேன். நம் வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கிய அதே வயல். அங்கே பாரத் கோல்டு மைன்சில் ஒரு பாதுகாப்பு அதிகாரி. 1985 ஜூனில் அவர் வீட்டில் போலீஸ் சோதனை நடந்தது. தங்கமும் தங்கம் கலந்த மணலும் கிடைத்ததாக வழக்கு. சஸ்பெண்ட் செய்தார்கள். பிழைப்பூதியம் தரவில்லை. அவர் கேரளத்தில் உடம்பு சரியில்லாமல் கிடந்தார். விசாரணைக்கு வந்துபோகக் கையில் காசில்லை என்று எழுதினார். அவர் இல்லாமலே விசாரணையை முடித்து 1986 ஜூனில் டிஸ்மிஸ் செய்தார்கள். 1987 பிப்ரவரியில், அந்தச் சோதனையே நிரூபிக்கப்படவில்லை என்று குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நிர்வாகம் அதற்கும் மசியவில்லை. 1999இல்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சோற்றுக்குப் பணம் தராமல் ஒருவரை விசாரணைக்கு வரச் சொல்வது வாழ்வுரிமைக்கே எதிரானது, அந்த விசாரணை செல்லாது, அவரைத் திரும்ப எடுக்கவேண்டும். நீதி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். பதின்மூன்று ஆண்டை எண்ணினால் நெஞ்சு வலிக்கிறது. அந்த மனிதருக்கு மாதாமாதம் பாதிச் சம்பளத்தைக் கொடுத்திருந்தால் அவர் பஸ் ஏறி வந்து தன் பக்கத்தைச் சொல்லியிருப்பார். ஒருவேளை அங்கேயே முடிந்திருக்கும்.

விசாரணை என்றால் என்ன என்பது பல முதலாளிகளுக்குத் தெரியவில்லை. அறைக்குக் கூப்பிட்டுச் சத்தம் போடுவது விசாரணை ஆகாது. குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்கவேண்டும், பதில் சொல்ல அவகாசம் தரவேண்டும், குற்றம் சாட்டியவரே நீதிபதியாக உட்காரக் கூடாது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடவேண்டும், அறிக்கையின் நகலைத் தரவேண்டும். புதிய சட்டத்தில் சஸ்பெண்ட் செய்த 90 நாளுக்குள் விசாரணையை முடிக்கவும் சொல்லியிருக்கிறார்கள். பணம் தராமல் அனுப்புவதற்காகவே ஒரு பெண்ணின்மேல் திருட்டுப் பட்டம் கட்டுகிற கொடுமையை நான் பார்த்திருக்கிறேன். எட்டு வருஷம் கல்லாப் பக்கத்தில் நின்றவள் அவள். “பணம் போனாப் போகுதுங்க, திருடின்னு சொன்னதை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க” என்று அழுதாள். லேபர் ஆபீசில் சமரசப் பேச்சு நடந்தபோது, குற்றச்சாட்டு மெமோ எங்கே, விசாரணைக் கோப்பு எங்கே என்று அதிகாரி கேட்டார். ஒரு தாள்கூட இல்லை. குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கின பிறகுதான் அவள் பணத்தைப் பற்றியே பேசினாள். மானத்தை முதலில் மீட்டுக்கொண்ட அந்தப் பெண்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கிராஜுவிட்டியைப் பற்றி ஊரில் உலவும் பொய்கள் அதிகம். ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது என்பது முதல் பொய். ஐந்து ஆண்டு முடித்திருந்தால் ராஜினாமா செய்தாலும் உண்டு. இறந்துபோனாலோ உடல் ஊனமுற்றாலோ ஐந்து ஆண்டுகூடத் தேவையில்லை. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டிஸ்மிஸ் ஆனாலே போய்விடும் என்பதும் பொய். நஷ்டம் உண்டாக்கியதற்காக நீக்கினால் அந்த நஷ்டத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம், முழுவதும் பறிக்க வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற காரணங்கள் வேண்டும், அதையும் விசாரித்து எழுத்தில் உத்தரவிட வேண்டும். வேலை முடிந்த 30 நாளுக்குள் தரவேண்டிய பணம் இது. தாமதித்தால் வட்டி. பத்துப் பேர் வேலை செய்கிற இடமாக இருந்தாலே இந்தச் சட்டம் உண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கு இப்போது ஓராண்டிலேயே கிடைக்கும்.

பெண்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு: பிள்ளைப்பேறு விடுப்பில் இருக்கிற பெண்ணை நீக்கக்கூடாது, அப்படி நீக்கினால் செல்லாது.

நம் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. தென் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் தங்கவைத்து வேலை வாங்கி, மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பார்கள். அந்தத் தொகை அந்தப் பிள்ளைகளின் சம்பளத்திலிருந்து தேங்கியதுதான். மூன்றாம் ஆண்டில் உடம்பு முடியாமல் படுத்தவர்களும், சிறு குற்றம் சொல்லி அனுப்பப்பட்டவர்களும் அதை இழந்தார்கள். செய்த வேலைக்கான கூலியை இடையில் போனால் கிடையாது என்று சொல்வதை எந்தப் பெயரால் அழைத்தாலும் எனக்கு ஒப்பவில்லை. வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் கையில் இருக்கவேண்டும் என்கிறது இப்போதைய ஊதியச் சட்டம். ராஜினாமா செய்தவருக்கும் அதே இரண்டு நாள்தான்.

முதலாளிகளிடமும் பேசவேண்டும். நான் அவர்கள் பக்கத்து நாற்காலியில்தான் அதிக காலம் உட்கார்ந்திருந்தேன். தொழில் நொடிவது உண்மை. கரண்ட் கட்டணம், பஞ்சு விலை, பாங்கு வட்டி எல்லாம் உண்மை. ஆட்களைக் குறைத்தால்தான் மிச்சப்பேருக்காவது வேலை என்ற நிலைமை வரும். அதைச் சட்டம் தடுக்கவில்லை. கணக்கு முடிக்கிற நாளில் கையில் பணமில்லாமல் நிற்பதுதான் அவர்கள் படும் பாடு. பணமில்லாதபோதுதான் பொய் வருகிறது, ராஜினாமாக் காகிதம் வருகிறது, திருட்டுப் பட்டம் வருகிறது.

கணபதியில் சின்ன ஃபவுண்டரி வைத்திருந்த ஒருவர் இதை எனக்குப் புரியவைத்தார். முப்பது பேருக்குள்தான் ஆட்கள். வருஷா வருஷம் மார்ச் மாதம் ஒவ்வோர் ஆளுக்கும் அந்த ஆண்டுக்கான 15 நாள் சம்பளத்தைக் கணக்கிட்டு எல்.ஐ.சி.யின் குரூப் கிராஜுவிட்டித் திட்டத்தில் கட்டிவிடுவார். “விதை நெல்லை எடுத்து வச்சுட்டுத்தானுங்க சாப்பிடோணும்” என்பார். பம்ப் செட் ஆர்டர்கள் சரிந்து பாதிப்பேரை நிறுத்தவேண்டி வந்தபோது, ஒரு மாதம் முன்பே எல்லோரையும் கூட்டி ஆர்டர் புத்தகத்தைக் காட்டினார். யார் எப்போது சேர்ந்தார்கள் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொருவரையும் மனைவியோடு வரச்சொல்லி, எது எதற்கு எவ்வளவு என்று வாசித்துக் காட்டி செக்கைக் கொடுத்தார். அதோடு விடவில்லை, தெரிந்த பட்டறைகளுக்கெல்லாம் போன் போட்டு ஆள் நல்ல ஆள் என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். அந்த ஆட்கள் யாரும் கேட்டில் தலை குனியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஆர்டர் திரும்பியபோது அவர் கூப்பிட்ட உடனே பலர் வந்தார்கள்.

கூட்டாக நின்றால் கிடைப்பது வேறு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. அங்குள்ள தொழிலாளர்கள் சங்கமாக உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசி, சட்டம் சொல்கிற 15 நாளைவிடப் பல மடங்கு இழப்பீடு வாங்கினார்கள். இதற்கு நேர்மாறாக எங்கள் ஊரில் என்.டி.சி. என்கிற தேசிய ஜவுளிக் கழகத்தின் ஆலைகள். 1974இல் அரசு எடுத்து நடத்திய ஆலைகள் அவை. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நின்ற சக்கரங்கள் பெரும்பாலும் பிறகு ஆண்டுகள் கடந்தும் சுழலவில்லை. திறப்பதாகவும் சொல்லவில்லை, மூடியதாகவும் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று வேறு இடம் தேடாமல் காத்திருந்தவர்களுக்கு வயதாயிற்று. முடிவைச் சொல்வதும் முதலாளியின் கடமைதான், முதலாளி அரசாங்கமாக இருந்தாலும்.

கடைசியாகக் காகிதங்கள். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு தரமறுக்கிற பள்ளிக்கூடங்களும் கம்பெனிகளும் உண்டு. சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது, எழுத்தில் கேளுங்கள். பி.எஃப். கணக்கில் வேலை முடிந்த தேதியைக் கம்பெனி பதிவு செய்ததா என்று பாருங்கள். செய்யாவிட்டால் இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். அவசரத்தில் பென்ஷன் பணத்தை எடுத்துவிடாதீர்கள். பத்து ஆண்டு சேர்ந்தால்தான் ஓய்வூதியம், அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு அந்த ஆண்டுகளைக் காப்பாற்றுங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டையின் நகல், வருகைப் பதிவின் படம் எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதங்களை ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஒப்புகைச் சீட்டு அதிலும் உண்டு.

நாளைக் கடத்தாதீர்கள். நீக்கத்தை எதிர்த்துப் போக முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, புதிய சட்டத்தில் அது இரண்டாகக் குறைந்துவிட்டது. முதலில் லேபர் ஆபீசில் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுங்கள்; 45 நாளில் முடிவு வராவிட்டால் நேரே வழக்குத் தொடுக்கலாம். வக்கீல் பீசுக்கு எங்கே போவது என்று நின்றுவிடுகிறவர்கள்தான் பாதிப்பேர். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரவேண்டும். ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் அதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. ஆதார் நகலும், சம்பளச் சீட்டும், நடந்ததைத் தேதிவாரியாக எழுதிய ஒரு தாளும் கொண்டு போனால் போதும்.